மால்கமுக்கு ஏன் வேலையில்லை

காதலும் குலப்பகையும் கலந்த கதை எது மேசைக்கு வந்தாலும், கதை விவாதத்தில் தவறாமல் எழும் புகார் ஒன்று உண்டு: காதலன் சும்மா நிற்கிறான், அவனுக்கு ஒரு சண்டையாவது கொடுங்கள். உடனே காட்சிகள் சேரும். காதலன் பகைவனின் வீட்டுக்குள் தனியாக நுழைவான், நாலு பேரை அடிப்பான், பஞ்ச் பேசுவான். அவனுக்குச் சேர்க்கச் சேர்க்க எதிரில் நிற்பவன் இளைத்துக்கொண்டே போவான். இரண்டாம் பாதிக்கு வரும்போது யாருக்கும் அச்சம் தராத ஒரு வில்லனும், எதையும் இழக்காத ஒரு காதலனும்தான் மிச்சம். திரைக்கதை வேலையில் ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் நான் வாதாட வருவது எதிர்த்தரப்பில். இந்த வகைக் கதையில் காதல் பணயம். கதையை ஓட்டுவது பகை. ஆகவே எழுதுகிறவன் தன் கைவசம் உள்ள சரக்கில் பெரும்பங்கைப் பகைக்கு, அதிலும் தோற்கப்போகிற தரப்புக்குச் செலவிட வேண்டும். அதனால் காதலன் மங்கிப்போனால் போகட்டும். இதற்கு என் சாட்சி, 1810 மே மாதம் எடின்பரோவில் வெளியான வால்டர் ஸ்காட்டின் கதைக்கவிதை 'தி லேடி ஆஃப் தி லேக்'. சினிமா பிறக்க இன்னும் எண்பத்தைந்து ஆண்டுகள் இருந்த காலத்தில் எழுதப்பட்ட அந்தக் கவிதையில், சினிமாக்காரனுக்குப் பழக்கமான அத்தனை சிக்கல்களும் இருக்கின்றன. ஸ்காட் அவற்றை அவிழ்த்த விதம்தான் நமக்குப் பழக்கமில்லாதது.

கதை நடப்பது பதினாறாம் நூற்றாண்டில், ஐந்தாம் ஜேம்ஸ் ஸ்காட்லாந்தை ஆண்ட காலத்தில். இடம், பெர்த்ஷயரின் மேற்கில் லாக் காட்ரின் ஏரியும் அதைச் சூழ்ந்த ட்ராசக்ஸ் மலைக்காடும். ஆறு காண்டங்கள், ஆறு நாட்கள், நாளுக்கு ஒரு காண்டம். மானைத் துரத்திவந்து, குதிரையைப் பறிகொடுத்து, கூட்டாளிகளையும் தவறவிட்ட ஒரு வேட்டைக்காரன் ஏரிக்கரையில் நின்று கொம்பு ஊதுகிறான். சத்தம் கேட்டுப் படகில் வருகிறவள் எலன், அரசனால் நாட்டைவிட்டு விரட்டப்பட்ட டக்ளஸின் மகள். வேறு எந்தப் பிரபுவும் டக்ளஸுக்குக் கதவு திறக்கத் துணியாத நேரத்தில் அவருக்கும் மகளுக்கும் ஏரித் தீவில் புகலிடம் தந்தவன் ஆல்பைன் குலத்தின் தலைவன் ரோடெரிக் டூ. அவன் எலனை மணக்க விரும்புகிறான். எலனின் மனம் மால்கம் கிரேம் என்ற இளைஞனிடம். வேட்டைக்காரனாக வந்த ஃபிட்ஸ்-ஜேம்ஸும் அவளிடம் மயங்குகிறான். அவன்தான் மாறுவேடத்தில் திரியும் அரசன். ஒரு பெண், மூன்று ஆண்கள், பின்னால் அரசனுக்கும் மலைக்குலத்துக்கும் மூளப்போகும் போர். எந்தத் தயாரிப்பாளரும் தலையாட்டும் கதைதான். ஆனால் பங்கீட்டைப் பாருங்கள். மால்கம் நேரில் வருவது இரண்டாம் காண்டத்தில். ரோடெரிக்கோடு கைகலக்கிறான், பெரியவர் டக்ளஸ் நடுவே புகுந்து விலக்கிவிடுகிறார். ரோடெரிக்கின் படகில் ஏறமாட்டேன் என்று ரோஷத்தோடு ஏரியில் குதித்து நீந்திப் போகிறான். அதன்பின் அவன் சிறைப்பட்ட செய்தியைப் பிறர் வாயால் கேட்கிறோம். மறுபடி அவன் முகத்தைப் பார்ப்பது கதை முடிகிற இடத்தில், அதுவும் கழுத்தை நீட்டிச் சங்கிலி வாங்கிக்கொள்ள. சொல்லப்போனால் அரசன் யார் என்ற ரகசியத்தைக்கூட ஸ்காட் பெரிதாகப் பாதுகாக்கவில்லை. அச்சாகும் முன்பே கவிதையைப் படிக்கக் கேட்ட நண்பர் ஒருவர், கொம்பு ஊதும் இடத்திலேயே அவன் அரசன் என்று ஊகித்துவிட்டதாக 1830-இல் எழுதிய முன்னுரையில் அவரே சொல்கிறார். காதலன் பாதிக் கதையில் இல்லை, மாறுவேடமும் சீக்கிரமே வெளுத்துவிடுகிறது. இருந்தும் கதை தொய்வதில்லை என்றால் அதைத் தாங்குவது வேறு ஏதோ ஒன்று.

அந்த ஒன்றைப் பார்க்க ஐந்தாம் காண்டத்துக்குப் போகவேண்டும். அதற்கு முந்தின இரவு, வழிகாட்டியின் துரோகத்திலிருந்து தப்பிய ஃபிட்ஸ்-ஜேம்ஸ், பசியும் குளிருமாக இருட்டில் தடுமாறி, நெருப்பருகே படுத்திருக்கும் ஒரு மலைநாட்டானிடம் வந்து சேர்கிறான். நான் ரோடெரிக்கின் பகைவன் என்று மறைக்காமல் சொல்கிறான். மலைநாட்டான் இறைச்சியும் படுக்கையும் தருகிறான். விடிந்ததும் குலத்தின் எல்லை முடிகிற கொய்லன்டோகில் துறைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடுவதாக வாக்கும் தருகிறான். காண்டத்தின் முதற்பாதியில் பெரும்பகுதி அந்த நடையும் வழியில் நடக்கும் வாக்குவாதமும்தான். அந்த ரோடெரிக்கை நேருக்கு நேர் சந்திக்கத் துடிக்கிறேன் என்கிறான் ஃபிட்ஸ்-ஜேம்ஸ். மலைநாட்டான் ஒரு சீழ்க்கை அடிக்கிறான். புதரும் பாறையும் பெரணிக் கூட்டமும் ஐந்நூறு ஆயுதபாணிகளாக எழுந்து நிற்கின்றன. நான்தான் ரோடெரிக் என்கிறான் அவன். பிறகு ஒரு கையசைப்பு. ஐந்நூறு பேரும் மறைந்து மலை மறுபடி வெறும் மலையாகிவிடுகிறது. இருவரும் நடையைத் தொடர்கிறார்கள். ஒரு பாத்திரத்தின் பலத்தைக் காட்ட அவன் பத்துப் பேரை வீழ்த்துவதைக் காட்டுவது எங்களுக்குக் கைவந்த வழி. ஸ்காட் காட்டுவது, வீழ்த்த முடிந்தவன் வாக்குக்குக் கட்டுப்பட்டுக் கையை இறக்கிக்கொள்வதை. துறைக்கு வந்ததும் வாக்கு முடிகிறது, வாள் எழுகிறது. எதிராளியிடம் கேடயம் இல்லை என்பதால் ரோடெரிக் தன் கேடயத்தையும் தூக்கி எறிகிறான். வாள்வித்தையில் தேர்ந்தவன் ஃபிட்ஸ்-ஜேம்ஸ். கேடயத்தை நம்பிப் பழகியவன் ரோடெரிக். பெருந்தன்மையே அவனைத் தோற்கடிக்கிறது. இப்படித் தோற்பவனைப் படைத்துவிட்டால் ஜெயிப்பவனுக்குத் தனியாக அலங்காரம் எதுவும் தேவைப்படாது.

நடையின்போது நடக்கும் வாதம் இன்னும் வலுவான ஆதாரம். ஊர்களில் புகுந்து கொள்ளையடிக்கிறீர்களே, இது தர்மமா என்று கேட்கிறான் ஃபிட்ஸ்-ஜேம்ஸ். கீழே தெரியும் சமவெளியின் வயல்களையும் மேய்ச்சலையும் காட்டி ரோடெரிக் பேசுகிறான். அந்த மண் எங்கள் முன்னோருடையது, அந்நியன் வலுவால் பறித்துக்கொண்டு எங்களைக் கல்லும் காடுமான மேட்டுக்குத் தள்ளினான், பறிகொடுத்தவனின் பிள்ளை தன் பங்கைத் திரும்பக் கொண்டுவருவதை எந்தக் கணக்கில் திருட்டு என்பாய் என்பது அவன் வாதத்தின் சாரம். அரசன் இதற்கு என்ன பதில் சொல்கிறான்? சொல்லவே இல்லை. அப்படியானால் என்னை ஏன் வழிமறித்துக் கொல்லப் பார்த்தீர்கள் என்று பேச்சைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறான். கிரீடமும் சட்டமும் சேனையும் உள்ளவனுக்கு நிலத்தைப் பற்றிய கேள்விக்கு விடை தெரியவில்லை. இதை எழுதியவர் யார் என்பது கவனிக்க வேண்டியது. ஸ்காட் புரட்சிக்காரர் அல்ல. வழக்கறிஞர், செல்கர்க்ஷயரின் ஷெரிஃப், முடியாட்சிக்கு விசுவாசமான டோரி. அவர் இந்த மலைப்பகுதிக்குள் முதன்முதலில் காலடி வைத்ததே தந்தையின் சட்ட அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தபோது, மக்லாரன் குடும்பம் ஒன்றைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றும் ஆணையோடு, ஒரு சார்ஜண்டும் ஆறு சிப்பாய்களும் காவல் வர. வெளியேற்றும் தரப்பின் தாளைக் கையில் வைத்திருந்தவர், வெளியேற்றப்பட்டவனின் வாயில் இப்படி ஒரு வாதத்தை வைக்கிறார். எல்லைநாட்டுப் பழம்பாடல்களைச் சேகரித்து 1802, 1803 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக அவர் வெளியிட்டதன் விளைச்சல் இது. அந்தப் பாடல்களில் பெரும்பகுதி ஆடுமாடு கவர்தல், பழிக்குப்பழி, தூக்குமரம். காதலர்கள்கூட அவற்றுக்கு நடுவில்தான் வந்துபோகிறார்கள். 1810-இல் இதைப் படித்தவர்களுக்கும் குலம் என்பது பழங்கதை அல்ல. 1746-இல் கலோடன் போரில் மலைநாட்டுப் படை அழிந்தது. மறு ஆண்டு குலத்தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரத்தைப் பாராளுமன்றம் ஒழித்தது. தங்களை ஆல்பைன் வழி என்று சொல்லிக்கொண்ட மக்கிரகர்கள், தங்கள் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1603-இல் போட்ட தடை முழுமையாக நீங்கியது 1774-இல். அப்போது ஸ்காட் மூன்று வயதுக் குழந்தை. ரோடெரிக்கின் பேச்சுக்குப் பின்னால் இவ்வளவும் நிற்கின்றன. மால்கமுக்குப் பின்னால் என்ன நிற்கிறது?

பகைக்கு எடை கொடுப்பது பகையைக் கொண்டாடுவது ஆகாது. அதை அறிய மூன்றாம் காண்டம் போதும். அரசன் படையெடுக்கிறான் என்று நம்பும் ரோடெரிக், குலத்தைத் திரட்டத் தீச்சிலுவையை அனுப்புகிறான். மரச்சிலுவையின் நுனிகளைக் கருக்கி ஆட்டு இரத்தத்தில் தோய்த்து ஓடுகிறவன் கையில் கொடுப்பார்கள். அவன் அடுத்த ஊரில் ஒருவனிடம் ஒப்படைக்க வேண்டும்; பெற்றவன் மறுபேச்சில்லாமல் அடுத்த ஊருக்கு ஓட வேண்டும்; வர மறுத்தவன் வீடு எரியும், உயிர் போகும். வெறும் படைதிரட்டல் காட்சி. சாதாரணக் கையில் இது பறையடிப்பும் குதிரைத் தூசியுமாகக் கடந்துபோயிருக்கும். ஸ்காட் சிலுவையை முதலில் டங்க்ராகன் என்ற ஊரில் ஒரு சாவு வீட்டுக்குள் கொண்டுபோகிறார். குடும்பத்தலைவன் பிணமாகக் கிடக்கிறான். அவன் சின்னப் பையன் அப்பாவின் வாளை எடுத்துக்கொண்டு சிலுவையோடு ஓடுகிறான். தாய் அழுகையை விழுங்கிக்கொண்டு அனுப்பிவைக்கிறாள். அவன் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் ஒரு கல்யாண ஊர்வலம். அங்கே சிலுவையை வாங்க வேண்டியவன் அப்போதுதான் மணமுடித்துக் கோயிலைவிட்டு வெளியே வந்த மாப்பிள்ளை. பெண்ணின் கையை விட்டுவிட்டு அவன் ஓடுகிறான். இரண்டே நிறுத்தங்களில் ஒரு குலத்தின் கட்டுப்பாட்டையும் அது கேட்கும் விலையையும் காட்டி முடித்துவிடுகிறார். அதோடு விடவில்லை. நான்காம் காண்டத்தில் பிளான்ச் என்ற சித்தம் கலங்கிய பெண் வருகிறாள். சமவெளியைச் சேர்ந்தவள். கல்யாணக் காலையில் கொள்ளைக்கு வந்த ரோடெரிக்கே மாப்பிள்ளையை வாளால் வீழ்த்தினான்; அவளைத் தூக்கிவந்தார்கள். ஃபிட்ஸ்-ஜேம்ஸை எச்சரித்துப் பாடி, அவனுக்குக் குறிவைத்த அம்பை வாங்கிச் சாகிறாள். ரோடெரிக்கின் நியாயத்தை நாம் கேட்பது இந்தச் சாவுக்குப் பிறகு. எதிராளியை வெள்ளையடித்துவிட்டு அவனுக்குப் பரிந்து பேசுவது சுலபம். அவன் குற்றத்தை முன்வைத்துவிட்டுப் பிறகு அவனைப் பேசவைக்கிறார் ஸ்காட். காண்டங்கள் இந்த வரிசையில் இருப்பதற்காகவே அவருக்குக் கைகொடுக்க வேண்டும்.

என் வழக்குக்கு எதிரான முதல் சாட்சி ஸ்காட்டேதான். கவிதை வெளிவந்தபின் நடிகை ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மால்கம் தன்னைத் தொடக்கத்திலிருந்தே பாடாய்ப் படுத்தியதாகவும், ஏதாவது செய்யட்டும் என்றுதான் ஏரியில் குதிக்க வைத்ததாகவும், நனைந்தும் அவன் தேறவில்லை என்றும் வேடிக்கையாக ஒப்புக்கொள்கிறார். அவன் ஒரு பொருட்டே இல்லாமல் இருப்பதுதான் கவிதையின் பெரிய குறை என்றும் சொல்கிறார். படைத்தவரே குறை என்ற பிறகு நீ யார் என்று கேட்கலாம். எழுதுகிறவன் தன் கதையைப் பற்றிச் சொல்வதை நான் எப்போதும் மரியாதையோடு கேட்பேன், அப்படியே நம்பமாட்டேன். மால்கமுக்கு வேலை கொடுத்துப் பார்ப்போம். அவன் ரோடெரிக்கை வெல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அடைக்கலம் கொடுத்தவனை அடைக்கலம் பெற்றவரின் வருங்கால மருமகன் கொன்றதாகும். டக்ளஸின் மானம் போய்விடும். எலனும் தன் குடும்பத்தைக் காத்தவனின் இரத்தம் தோய்ந்த கையைப் பிடிக்க வேண்டிவரும். அவன் அரசனின் ஸ்டர்லிங் கோட்டைக்குள் புகுந்து டக்ளஸை மீட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தன்னால் யாரும் சாகக் கூடாது என்று தானாகவே அரசனிடம் சரணடையப் போன கிழவரின் முடிவுக்குப் பொருள் இல்லாமல் போகும். அவன் எலனை அரசனிடம் அழைத்துப்போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அரசனிடம் காட்டினால் கேட்டது கிடைக்கும் என்று ஃபிட்ஸ்-ஜேம்ஸ் தந்திருந்த மோதிரத்தை எடுத்துக்கொண்டு, சூதும் குடியுமாகச் சிப்பாய்கள் கிடக்கும் காவற்கூடத்துக்குள் ஒரு கிழப்பாணர் துணையோடு அவள் நுழைகிற காட்சி அவனுடையதாகிவிடும். காதலனுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் மூன்று வேலைகளையும் ஸ்காட் வேறு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்: எதிரியை வெல்வது அரசனுக்கு, தியாகம் தந்தைக்கு, பயணம் பெண்ணுக்கு. மீதமிருந்தது ஏரியில் ஒரு குதி. தன்னையறியாமல் சரியாகச் செய்ததைப் பிற்பாடு குறை என்று நினைத்துக்கொண்டார் என்பதே என் துணிபு.

ஆறாம் காண்டம் இதை உறுதிசெய்கிறது. ஸ்டர்லிங் கோட்டையில் அந்தக் கிழப்பாணர் ஆலன்-பேன் தன் தலைவரைப் பார்க்க வேண்டும் என்கிறார். டக்ளஸைக் கேட்கிறார் என்று புரியாத காவலன் அவரை ரோடெரிக்கின் அறைக்குக் கூட்டிப்போகிறான். துறைச் சண்டையில் காயமுற்றுச் சிறைப்பட்டு அங்கே குற்றுயிராய்க் கிடக்கும் ரோடெரிக் கேட்பது எலனைப் பற்றியும், தாயைப் பற்றியும், தன் குலத்தைப் பற்றியும். போர் நடந்ததாமே, எப்படிப் போரிட்டார்கள், பாடு என்கிறான். பாணர் பாடுகிறார். ஏரித் தீவில் ஒளிந்திருக்கும் பெண்களையும் குழந்தைகளையும் பிடிக்க நீந்திவரும் சிப்பாயைக் குத்திக் கொல்கிறாள் ஒரு பெண். சிலுவையோடு மகனை அனுப்பிவைத்த அதே டங்க்ராகன் விதவை. பாட்டு முடிவதற்குள் ரோடெரிக்கின் உயிர் போய்விடுகிறது. கதையின் மிகப் பெரிய போரை நாம் நேரில் பார்க்கவே இல்லை. தோற்றவனின் காதுக்குள் இருந்துகொண்டு கேட்கிறோம். சண்டைக் காட்சிக்கு எத்தனை நாள் ஷூட்டிங் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஏற்பாட்டை ஒருமுறை யோசிக்கலாம். அடுத்து அரசவை. ஃபிட்ஸ்-ஜேம்ஸ் அரசன் என்று தெரிகிறது, டக்ளஸுக்கு மன்னிப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. எலன் கையில் இன்னும் மோதிரம் இருக்கிறது, கேட்டதைக் கொடுக்கக் கடமைப்பட்ட மோதிரம். காதலி முதலில் எதைக் கேட்பாள்? அவள் கேட்பது ரோடெரிக்கின் உயிரை. அதைத் தரும் நிலையில் அரசன் இல்லை. ரோடெரிக் அரசனின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டான். மால்கமின் பெயரைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அரசனே அவனை அழைத்துத் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டி முனையை அவள் கையில் கொடுக்கிறான். காதல் நிறைவேறும் இடத்தில்கூட எலனின் முதல் சொல் பகைத் தரப்புக்காக இருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு கதை தன் எடை எங்கே என்று சொல்ல முடியாது.

வாசகர்கள் காதலுக்காகத்தானே படித்தார்கள் என்பது அடுத்த மறுப்பு. எண்கள் இதற்குத் துணைபோவதுபோலத் தோன்றும். இரண்டு கினி விலையுள்ள பெரிய பதிப்பு 2,050 பிரதிகளும் வந்த வேகத்தில் தீர்ந்தன. அந்த ஆண்டுக்குள் சிறுபதிப்புகளும் சேர்ந்து இருபதாயிரத்தைத் தாண்டின. லாக் காட்ரினைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது, வாடகைக் குதிரைகள் மீதான வரி வருமானம் உயர்ந்தது, எலனின் தீவு என்று ஒரு தீவுக்குப் பெயர் நிலைத்தது. ஷூபர்ட் 1825-இல் இசையமைத்த எலனின் மரியன்னை வேண்டுதல் இன்றுவரை உலகெங்கும் திருமணங்களில் பாடப்படுகிறது. எலனை மக்கள் நேசித்தார்கள், மறுக்கவில்லை. எலனை நேசிப்பதும் எலன்-மால்கம் காதலுக்காகப் படிப்பதும் வேறு வேறு. அந்த வேண்டுதலைக் கவிதையில் எங்கே வைத்திருக்கிறார் பாருங்கள்: தந்தையும் மகளும் ரோடெரிக்கின் தீவைவிட்டு வெளியேறிக் குகையில் ஒளிந்திருக்கும் இரவில். போருக்குக் கிளம்பும் ரோடெரிக் வெளியே நின்று கேட்கிறான், இந்தக் குரலை இனி கேட்கப்போவதில்லை என்று உணர்ந்தவனாக. திருமணப் பாட்டு என்று நாம் நினைப்பது, மறுக்கப்பட்ட ஒருவன் இருட்டில் நின்று கேட்ட பாட்டு. ரோடெரிக்கின் படகுகள் வரும்போது அவன் ஆட்கள் பாடும் வரவேற்புப் பாடல் மேடை நாடகம் வழியாக அமெரிக்கா போய், அந்நாட்டு அதிபரை வரவேற்கும் இசையாகிவிட்டது; மால்கமுக்கு அப்படி ஒரு பாட்டு கிடையாது. போர்ச்சுகலில் டோரஸ் வெட்ராஸ் அரண்களில் பிரெஞ்சுப் பீரங்கிக்கு எதிரே தரையோடு படுத்திருந்த தன் சிப்பாய்களுக்கு ஸ்காட்டின் நண்பர் ஆடம் ஃபெர்குசன் வாசித்துக் காட்டியதும் ஆறாம் காண்டத்தின் போர்ப்பகுதியைத்தான். மாற்றுச் சோதனையும் ஒன்று நடந்திருக்கிறது. 1819 அக்டோபரில் நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் ரோசினி இதை ஓபராவாக்கியபோது, மால்கமுக்குப் பெரிய பாடல்கள் கொடுத்து முன்னால் நிறுத்தினார்கள். ரோடெரிக் மேடைக்கு வெளியே சாகிறான். இசை அபாரம். ஆனால் நிலத்தைப் பற்றிய வாதம் போயிற்று, வாக்குக் காத்து நடந்த நடை போயிற்று, சாவு வீடும் கல்யாண வீடும் போயின. காதலனுக்கு இடம் கொடுத்தால் இடம் எங்கிருந்து எடுக்கப்படும் என்பதற்கு இதுவே கணக்கு.

காதல் பகையைத் தீர்த்துவைக்கும் கதைகள் வெற்றி பெற்றதில்லையா என்று கேட்பவர்களுக்கு ஸ்காட்டின் முந்தைய கவிதையையே காட்டலாம். 1805-இல் வந்த 'தி லே ஆஃப் தி லாஸ்ட் மின்ஸ்ட்ரல்' இரு குலங்களின் பகைக்கு நடுவே மார்கரெட்டையும் கிரான்ஸ்டவுனையும் வைக்கிறது. காதலன் வேறொருவன் வேடத்தில் போய்ப் பகைக் குலத்தின் வாரிசைச் சண்டையிட்டு மீட்கிறான், பெண்ணின் தாய் மனம் மாறிப் பெண் கொடுக்கிறாள். காதலனுக்கு வேலை நிறைய. இன்று அந்தக் கவிதையில் நினைவில் நிற்பது நள்ளிரவில் மந்திரவாதியின் கல்லறையைத் திறக்கும் காட்சியும், கதை சொல்லும் கிழப்பாணரும். குலப்பகை ஒரு கல்யாணத்தில் கரைந்துவிடக் கூடியது என்றால் அதற்காக யார் பயப்படுவார்கள்? போலந்துக் கவிஞர் மிட்ஸ்கியேவிச் 1834-இல் பாரிஸில் வெளியிட்ட 'பான் ததேயுஷ்' இன்னும் கடினமான மறுப்பு. சொப்லிட்சா, ஹொரேஷ்கோ குடும்பங்களின் பகை அங்கே ததேயுஷ்-ஸோஷா திருமணத்தில் முடிகிறது. காவியமும் ஸ்காட்டினுடையதைவிடப் பெரியது, சந்தேகமில்லை. ஆனால் பகை உடைவது வேறு இரண்டு இடங்களில். ரஷ்யச் சிப்பாய்கள் வந்ததும் இரு தரப்பும் ஒன்றாக நின்று போரிடுகிறார்கள். பிறகு, கொலை செய்துவிட்டுத் துறவி வேடத்தில் ஆண்டுக்கணக்கில் பரிகாரம் தேடிய யாட்செக் சொப்லிட்சா சாகும் தறுவாயில் தன் கதையைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிறான். திருமணம் அந்தச் சமாதானத்துக்கு இடப்பட்ட முத்திரை. யாட்செக்கின் வாக்குமூலத்தை நீக்கிவிட்டு இளம் ஜோடியை மட்டும் வைத்துப் படித்தால் மிட்ஸ்கியேவிச்சும் தாங்கமாட்டார்.

கடைசி மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். குலவெறியை இப்படி அழகுபடுத்தினால் அது யார் கையில் போய்ச் சேரும்? சேர்ந்தது. தாமஸ் டிக்சன் 1905-இல் எழுதிய 'தி கிளான்ஸ்மேன்' நாவல் ஸ்காட்லாந்தின் தீச்சிலுவையை எடுத்துக் கூ கிளக்ஸ் கிளான் கையில் கொடுத்தது. அதைத் தழுவி 1915-இல் கிரிஃபித் எடுத்த படம் அதைத் திரையில் எரித்துக் காட்டியது. அதன்பின் எழுந்த கிளான் நிஜமாகவே கறுப்பின மக்களின் வீட்டு வாசல்களில் எரித்தது. இதைக் கேட்டும் அசையாதவன் கதை எழுதக் கூடாது. ஆனால் எடுத்தவர்கள் எதை விட்டுவிட்டு எடுத்தார்கள் என்று பார்க்கவேண்டும். ஸ்காட்டிடம் சிலுவை நுழையும் சாவு வீடு அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை, பிளான்ச் வேண்டியிருக்கவில்லை. வெறும் நெருப்பு போதுமாயிருந்தது. அதே கவிதையை வேறு விதமாகப் படித்தவர்களும் அந்நாட்டில் இருந்தார்கள். 1838-இல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி நியூ பெட்ஃபோர்டுக்கு வந்த இளைஞனுக்குப் புதுப் பெயர் தேவைப்பட்டது. புகலிடம் தந்த நேதன் ஜான்சன் அப்போது படித்துக்கொண்டிருந்தது இந்தக் கவிதை; டக்ளஸ் என்று வைத்துக்கொள் என்றார். ஃபிரெடரிக் டக்ளஸ் அப்படித்தான் ஆனார். விரட்டப்பட்டும் மானத்தை விடாத கிழவரின் பெயர் அது. குலத்தைப் பாதி எடையில் எழுதினால்தான் ஆபத்து. வீரத்தை வைத்துவிட்டு விலையை மறைப்பதே அந்தப் பாதி எடை.

ஸ்காட்டின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. நிலத்தைப் பற்றி ரோடெரிக் எழுப்பிய கேள்வியை அவன் சாவோடு சேர்த்துப் புதைத்துவிட்டு, அரசவையில் எல்லோருக்கும் இனிப்பு வழங்கி முடிக்கிறார். சமரசத் தூதன் போர்க்களத்துக்கு வருவதற்குள் ஆட்கள் செத்துவிட்டார்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். டக்ளஸின் மன்னிப்பும் வரலாற்றில் இல்லாதது. அந்தப் பாத்திரத்துக்கு மூலமான கில்ஸ்பிண்டியின் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ், ஐந்தாம் ஜேம்ஸ் சிறுவனாக இருந்தபோது அவனுக்கு மிகவும் பிடித்தவர். நாடு கடத்தப்பட்டவர் திரும்பிவந்து ஸ்டர்லிங்கில் அரசனின் குதிரையோடு கூடவே ஓடிக் கெஞ்சினார். ஜேம்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். இதைத் தன் குறிப்புகளில் ஸ்காட்டே சொல்லியிருக்கிறார். தெரிந்தே மாற்றினார். குதிரையில் ஒருவன் அந்த நேரத்துக்குள் வென்னாகர் ஏரியிலிருந்து ஸ்டர்லிங் போய்ச் சேர முடியுமா என்று தானே ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தவர், அரசனின் மனத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காண்டத் தொடக்கத்தில் வரும் நீண்ட அடிச் செய்யுள்களில் தயங்கி நின்றுவிடாதீர்கள். அவற்றைத் தாண்டினால் எட்டசை அடிகள் குதிரை வேகத்தில் ஓடும். மூன்றாம் காண்டத்தையும் ஐந்தாம் காண்டத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். தொழிலில் இருக்கிறவர்கள், அடுத்த முறை காதலனுக்கு ஒரு சண்டை கொடுங்கள் என்று யாராவது சொல்லும்போது, எதிராளியின் கேள்விக்கு நம் கதையில் யாரிடமாவது பதில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.